பக்கெட் பின் வர மறுக்கிறதா? சம்மட்டியைக் கீழே வையுங்கள்

மதுரைப் பக்கம் சோழவந்தானை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பு. கன்று வைக்கக் குழி எடுத்துக்கொண்டிருந்த மூன்று டன் மினி பொக்லைனில், வாய் குறுகிய பக்கெட்டைக் கழற்றிவிட்டு அகலமானதை மாட்ட வேண்டும். இரண்டு பேர் ஒன்றரை மணி நேரம் மாற்றி மாற்றிச் சம்மட்டியால் அடித்தும், பக்கெட்டைப் பிடித்திருக்கும் பின் என்ற இரும்புத் தண்டு நகரவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பின்னின் முகம் காளான் குடைபோல் மலர்ந்திருந்தது. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் செயினின் முன்பக்கம் தரையிலிருந்து நான்கு விரற்கடை தூக்கி நின்றது. பக்கெட்டைத் தரையில் ஊன்றி, வண்டியின் பெரிய கையான பூமை அழுத்தி, வண்டியையே எக்க வைத்திருந்தார்கள். வண்டியின் பாரத்தில் கணிசமான ஒரு பகுதி அவர்கள் அடித்துக்கொண்டிருந்த அந்தப் பின்னின் வழியாகத்தான் தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

பூமைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னேன். செயின் தரையில் அமர்ந்தது. இன்னும் ஒரு நூல் உயர்த்தி எஞ்சினை அணைத்தோம். மலர்ந்த முகத்தை அரைத்து எடுத்த பிறகு பித்தளைத் தண்டை வைத்து இரண்டு தட்டு. பின் வழுக்கிக்கொண்டு வந்தது.

இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். வராத பின்களில் பெரும்பாலானவை துருப்பிடித்தவை அல்ல, பாரம் சுமந்துகொண்டிருப்பவை. பாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் விழுகிற ஒவ்வொரு அடியும் பின்னையும், அது உட்காரும் உலோக வளையமான புஷ்ஷையும் கெடுக்கிறது. அடிப்பவரின் கண்ணுக்கும் கைக்கும் ஆபத்தை அழைக்கிறது. ஆகவே கோளாற்றின் அறிகுறியை வைத்தே இதை எழுதுகிறேன். உங்கள் வண்டி என்ன காட்டுகிறதோ அந்தத் தலைப்புக்குப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். நம் ஊரில் அது மண் தோண்டும் வண்டிக்கே பெயராகிவிட்டதால் நானும் அப்படியே சொல்கிறேன். உடம்போடு சேர்ந்த பெரிய கை பூம். அதன் நுனியில் இருக்கும் சிறிய கை ஆர்ம். பக்கெட்டின் முதுகில் இரண்டு காதுகள் இருக்கும். அந்தக் காதுகளில் இரண்டு பின்கள் போகும். ஒன்று பக்கெட்டை ஆர்மோடு சேர்ப்பது, மற்றது பக்கெட்டை மடக்கி விரிக்கும் சிலிண்டரின் லிங்க்கோடு சேர்ப்பது. ஆர்ம் பின், லிங்க் பின் என்று அவற்றை அழைக்கிறேன். இரண்டுக்கும் பாரம் வரும் வழி வேறு வேறு என்பதை நினைவில் வையுங்கள்.

அடிப்பதற்கு முன்: வண்டி எப்படி நிற்கிறது?

சமதளத்தில், இறுகிய தரையில் நிறுத்துங்கள். பூம் நேர் முன்னே இருக்கட்டும், பக்கவாட்டில் திருப்பியபடி வேண்டாம். முன் பிளேடைத் தரையில் இறக்குங்கள். பக்கெட்டின் தட்டையான அடிப்பகுதி தரையில் படியும்படி வையுங்கள். பல் முனையில் நிற்கும் பக்கெட் ஒரு பின் வந்ததும் உருளும்.

பக்கெட் தரையைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. இந்த ஒன்று சரியாக இருந்தால் இனி எழுதப்போவதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

கண்மாய்க்குள்ளும் கரிசலிலும் தரையை நம்ப முடியாது. வண்டல் எடுக்கும் இடத்தில் வைத்த பக்கெட் கொஞ்சம் கொஞ்சமாக அமிழும். காதுகள் கோணி, பின் சிறைப்படும். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கத்துக் கரிசல் ஒரு மழைக்குப் பிறகு களிபோல் ஆகிவிடும். அங்கெல்லாம் பக்கெட்டுக்கு அடியில் இரண்டு தடித்த பலகைகளைப் போட்ட பிறகுதான் நான் ஸ்பானரையே எடுப்பேன்.

எஞ்சினை அணைத்து, ஆபரேட்டர் இருக்கையின் பக்கத்தில் இருக்கும் பூட்டு நெம்புகோலைப் பூட்டு நிலைக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது மேலே தூக்கிய நிலை. சாவியைக் கழற்றிப் பின் கழற்றுபவரின் சட்டைப்பையில் போடுங்கள். வண்டிக்குள் இருப்பவரை நம்பவில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. வெயிலுக்கு ஒதுங்கி வண்டிக்குள் ஏறி உட்காரும் ஒரு சிறுவனின் முழங்கை போதும், நெம்புகோலை நகர்த்த.

பாரம் சரிசெய்ய எஞ்சினைத் திரும்ப ஓட்டியாக வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் கீழே நிற்பவர் பூம் எட்டும் தூரத்தைவிட்டு வெளியே வந்து, ஆபரேட்டரின் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். சைகை காட்டுபவர் ஒருவர்தான். நான் உடன் வரும் பையனிடம் ஒரு பழக்கத்தை வைத்திருக்கிறேன். எஞ்சின் அணைந்து, நெம்புகோல் பூட்டி, சாவி என் கைக்கு வந்த பிறகு "பூட்டிவிட்டேன் அண்ணே" என்று அவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையசைப்பு எடுபடாது. அந்தச் சொல் வராமல் நான் பக்கெட் பக்கம் போவதில்லை.

கண்ணாடி, கையுறை, இரும்பு முனை வைத்த காலணி மூன்றும் வேண்டும். 40 மி.மீ. விட்டமும் 25 செ.மீ. நீளமும் உள்ள எஃகுப் பின் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. அது வெளியே வரும் கணத்தில் செருப்புக் காலின்மேல்தான் விழும். பக்கெட்டோ அளவைப் பொறுத்து 50 கிலோவிலிருந்து 100 கிலோவுக்கு மேலும் போகும்.

பின் அசையவே இல்லை

முதலில் பூட்டு போல்ட்டைப் பாருங்கள். கேலிபோலத் தோன்றும், ஆனால் மண் அப்பியிருப்பதால் போல்ட் கண்ணில் படாமல் அடித்துக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சில வண்டிகளில் பின்னின் ஒரு முனையில் குறுக்காக ஒரு போல்ட் போய் இரட்டை நட்டால் இறுகியிருக்கும். சிலவற்றில் பின்னோடு சேர்ந்த ஒரு தகடு காதில் போல்ட்டால் பிடித்திருக்கும். தகடு இருக்கும் பின் அந்தத் தகட்டின் பக்கம்தான் வெளியே வரும். மறுபக்கம் அடித்தால் இந்த ஜென்மத்தில் வராது. கம்பித் தூரிகையால் இரண்டு காதுகளையும் துடைத்துப் பார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்தது சுழற்றிப் பார்க்கும் சோதனை. பின்னில் தகடோ பிடியோ இருந்தால் பைப் ரிஞ்சால் பிடித்து மெல்லத் திருப்புங்கள். கொஞ்சமாவது சுழன்றால் துரு இல்லை, பாரம்தான் பிடித்திருக்கிறது. அசையவே இல்லை என்றால் இன்னும் முடிவு கட்டாதீர்கள். கனத்த பாரமும் பின்னைச் சுழலவிடாது. பாரத்தை எடுத்த பிறகு ஒருமுறை திருப்பிப் பாருங்கள், அப்போதும் சுழலவில்லை என்றால்தான் துரு.

ஆர்ம் பின்னில் பாரத்தை எடுப்பது பூமின் வேலை. பூம் கீழே அழுத்தினால் ஆர்மின் புஷ் மேலிருந்து பின்னை அமுக்கும். பூமை அதிகம் உயர்த்தினால் பக்கெட்டின் எடை பின்னைக் கீழே இழுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே, மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் பின் சும்மா மிதக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அகலம் ஓரிரு மில்லிமீட்டர்தான். அதைக் கண்ணால் பிடிக்கலாம். பக்கெட் காதின் வட்டத்தையும் ஆர்ம் நுனியின் வட்டத்தையும் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஒன்று மற்றொன்றைவிடக் கீழே தொங்கினால் இன்னும் பாரம் இருக்கிறது. இரண்டு வட்டமும் ஒன்றோடொன்று பொருந்தி, நடுவில் இருக்கும் ரப்பர் வளையம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் தெரிந்தால் அதுதான் இடம். வண்டியின் செயின் முழுவதும் தரையில் படிந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

லிங்க் பின்னுக்குப் பூமை ஆட்டிப் பயனில்லை. அதைப் பிடித்திருப்பது பக்கெட் சிலிண்டர். பக்கெட் தரையில் படிந்திருக்கும்போதே மேலும் விரிக்க முயன்றிருந்தால் லிங்க் பின்னை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும், மடக்க முயன்றிருந்தால் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். நெம்புகோலை மயிரிழை அளவு எதிர்த்திசையில் தொட்டுவிட்டால் தளரும். சிறிய வண்டிகளில் எஞ்சினை மெதுவான வேகத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். முழு வேகத்தில் மயிரிழை என்ற பேச்சே கிடையாது.

நான் முதலில் எடுப்பது லிங்க் பின். அப்போது பக்கெட் தரையிலும் ஆர்ம் பின்னிலுமாக நிற்கும். லிங்க் மட்டும் கையில் வரும். பிறகு ஆர்ம் பின். உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் கையேட்டையே கேளுங்கள்.

சற்றுமுன் ஆடிக்கொண்டிருந்த பின் இப்போது இறுகிவிட்டது

டீ குடிக்கப் போய்த் திரும்பியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். போகும்போது விரலால் தள்ளினால் நகர்ந்த பின், வந்து பார்த்தால் இறுகிக் கிடக்கும். பேயும் இல்லை, சூனியமும் இல்லை. எஞ்சின் அணைந்திருக்கும்போது பூமைத் தாங்கி நிற்பது சிலிண்டருக்குள் அடைபட்ட எண்ணெய். பழைய வண்டிகளில் அது உள்ளே மெல்லக் கசியும். பூம் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கி, பக்கெட்டின்மேல் சாய்ந்துகொள்ளும். திரும்ப ஒரு நூல் உயர்த்துங்கள், உடனே எடுத்துவிடுங்கள். பூட்டு போல்ட்டுகளை எல்லாம் முதலிலேயே கழற்றித் தயாராக வைத்துக்கொண்டு, கடைசியாகப் பாரத்தைச் சரிசெய்வது இதனால்தான்.

எஞ்சினை அணைத்த பிறகு நெம்புகோல்களை நான்கு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை வெளியேற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஹோஸ் கழற்றும் வேலைக்கு அது கட்டாயம். பின் கழற்ற மட்டும் வந்த இடத்தில் அப்படிச் செய்தால் பூம் தன் எடையோடு அமர்ந்து, நீங்கள் கண்டுபிடித்து வைத்த இடத்தைக் கலைத்துவிடும். இந்த ஒரு வித்தியாசத்தை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தால் பல மாலைகள் மிச்சமாகியிருக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. இரண்டு பின்னும் வந்த பிறகு ஆர்ம் நுனி அந்தரத்தில், கசியக்கூடிய எண்ணெயை நம்பி நிற்கிறது. அதற்கடியில் தலையையோ கையையோ கொண்டுபோகாதீர்கள். புஷ்ஷைத் துடைக்க வேண்டியிருந்தால் முதலில் கட்டைகளை அடுக்கி ஆர்மை அவற்றின்மேல் இறக்கிவிடுங்கள்.

பாரமெல்லாம் எடுத்தாயிற்று, பின் சுழலக்கூட இல்லை

இப்போதுதான் துரு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து, கிரீஸ் காணாமல், தை வரை நின்ற வண்டியில் இதைப் பார்க்கலாம். மேலூர் பக்கம் கிரானைட் தூளில் வேலை செய்த வண்டியில் இன்னொரு விதம். தூள் கிரீஸோடு கலந்து அரைக்கும் பசையாகி, பிறகு காய்ந்து சிமெண்ட்போல் பிடித்துக்கொள்ளும்.

கிரீஸ் நிப்பிளைச் சுத்தம் செய்து புதுக் கிரீஸை ஏற்றுங்கள். ஓரத்தில் பழைய கிரீஸ் பிதுங்கினால் பாதி வெற்றி. பிதுங்கவில்லை என்றால் நிப்பிள் அடைத்திருக்கும், கழற்றித் துளையைக் கம்பியால் குத்துங்கள். துரு இளக்கும் எண்ணெயை இரண்டு ஓரங்களிலும் விட்டு, காதின் வெளிப்புறத்தில் சுற்றிலும் லேசாகத் தட்டுங்கள். அந்த அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு விட்டுவிடுங்கள். இரவு முழுக்க ஊறட்டும். அவசரம் என்று சொல்லும் முதலாளிக்கும் நான் இதையே சொல்கிறேன், ஒரு இரவு புது புஷ்ஷைவிட மலிவு. காலையில் பின்னைச் சுழற்றுவதுதான் குறிக்கோள், அடித்து வெளியேற்றுவது அல்ல. கால் அங்குலம் இந்தப் பக்கம், கால் அங்குலம் அந்தப் பக்கம் என்று திருப்பத் தொடங்கிவிட்டால் வந்துவிடும்.

வராதபோது, சூடாக்கி எடுக்கலாம் என்று கை தானாகக் காஸ் டார்ச்சைத் தேடும். தயவுசெய்து வேண்டாம். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையில், இரண்டு புஷ்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் கிரீஸ் அடைபட்டிருக்கிறது. அதைச் சூடாக்கினால் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடி, பின்னையே வெடித்துத் தள்ளக்கூடும். பக்கத்தில் ஹைட்ராலிக் ஹோஸ் ஓடுகிறது. பின்னின் மேற்பரப்புக்குக் கொடுத்திருக்கும் கடினமும் சூட்டில் போய்விடும், பிறகு அது சீக்கிரம் தேயும். எண்ணெயில் ஊறியும் வராத பின்னை ஹைட்ராலிக் ஜாக்கியும் இழுக்கும் சட்டமும் வைத்திருக்கும் பட்டறைக்குக் காட்டுங்கள். கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் இந்த வேலை தெரிந்த பட்டறைகள் இருக்கின்றன. அடிப்பது அதிர்ச்சி, ஜாக்கி தருவது சீரான தள்ளல். இறுகிய பின்னுக்கு இரண்டாவதுதான் மருந்து.

பின்னின் முனையில் ஒரு நட்டை வெல்டிங் வைத்து இழுக்கும் முறையும் உண்டு. அதைச் செய்வதானால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்கு மிக அருகில் போடுங்கள். எங்கோ செயினில் கவ்வவிட்டால் மின்னோட்டம் வழியில் உள்ள பின்களையும் பேரிங்குகளையும் தீய்த்துக்கொண்டு போகும். வெல்டிங் சூட்டுக்கும் மேலே சொன்ன கிரீஸ் ஆபத்து பொருந்தும் என்பதால், இதைப் பழகிய வெல்டர் மட்டுமே செய்யட்டும்.

பின்னின் முகம் மலர்ந்துவிட்டது

உடனே நிறுத்துங்கள். மலர்ந்த விளிம்பு புஷ்ஷுக்குள் நுழையாது. நுழைந்தால் புஷ்ஷைக் கீறிக்கொண்டு போகும். கிரைண்டரால் விளிம்பைச் சரிவாக அரைத்து, பின்னின் விட்டத்துக்கே கொண்டுவாருங்கள்.

ஆனால் நான் அதிகம் பயப்படுவது கண்ணுக்காக. பின்னின் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்ட எஃகு. சம்மட்டியின் முகமும் அப்படியே. கடினமும் கடினமும் மோதினால் சில்லு தெறிக்கும். மலர்ந்த விளிம்பு ஏற்கெனவே வெடிப்பு விட்டது, அதிலிருந்து தெறிப்பது இன்னும் எளிது. நடுவில் எப்போதும் பித்தளை அல்லது செம்புத் தண்டு ஒன்று இருக்க வேண்டும். சாதாரண மெல்லிரும்புத் தண்டுகூடப் பரவாயில்லை. பழைய பின்னையே தண்டாக வைத்து அடிப்பதுதான் கூடாது. தண்டை இன்னொருவர் கையால் பிடிக்க வேண்டாம், நீண்ட இடுக்கியால் பிடிக்கட்டும். அவருக்கும் கண்ணாடி வேண்டும், வேடிக்கை பார்ப்பவர்கள் நாலடி தள்ளி நிற்க வேண்டும்.

சில்லு கண்ணில் பட்டுவிட்டால் கசக்காதீர்கள். காந்தம், கைக்குட்டை நுனி, பக்கத்து வீட்டுப் பாட்டியின் கைராசி எதுவும் வேண்டாம். அழுத்தாமல் ஒரு பேப்பர் கோப்பையைக் கவிழ்த்து மூடிக்கொண்டு நேரே கண் மருத்துவமனைக்குப் போங்கள். சிறு துளையோடு உள்ளே போன இரும்பு முதல் நாள் வலிக்காமலே இருக்கலாம். வலி இல்லை என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தவர்களின் பார்வைதான் போகிறது. அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊர் நம்முடையது. அரசு இராசாசி மருத்துவமனையும் இருக்கிறது. இங்கே ஒருவர் தாமதத்தால் கண்ணை இழப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பாதி வந்து நின்றுவிட்டது

இரண்டு காரணங்கள்தான் பெரும்பாலும். ஒன்று, முதல் காதைவிட்டுப் பின் வெளியேறியதும் பக்கெட் அந்தப் பக்கம் லேசாகச் சரிந்து, மிச்சப் பாதியைக் கோணலாகப் பிடித்துக்கொண்டது. சரிந்த பக்கத்துக்கு அடியில் ஆப்புக்கட்டை செருகிப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவந்தால் விட்டுவிடும். கடப்பாரையால் பக்கெட்டை நெம்பிப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் அடிப்பதைப் பார்க்கிறேன். கடப்பாரை வழுக்கினால் அது போகும் இடம் அடிப்பவரின் முழங்கால்.

மற்றொன்று, பின் தேய்ந்து நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறது. பள்ளத்தின் விளிம்பு புஷ்ஷின் ஓரத்தில் மாட்டுகிறது. திரும்ப உள்ளே தள்ளி, கால் சுற்றுத் திருப்பி, கிரீஸ் வைத்து மீண்டும் இழுங்கள். தேய்மானம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும் என்பதால் திருப்பியதும் வழி கிடைக்கும். திருப்பும்போது முனை வட்டமடித்து ஆடினால் பின் வளைந்திருக்கிறது. அதை எப்படியாவது எடுத்துவிட்டுப் புதுப் பின் போடுங்கள், நிமிர்த்தி மாட்டாதீர்கள்.

பூட்டு போல்ட் கழலவில்லை

இரட்டை நட்டில் வெளி நட்டை முதலில் தளர்த்த வேண்டும், உள் நட்டை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு. போல்ட் வளைந்திருந்தால் பின் சுழன்று அதை வெட்டப் பார்த்திருக்கிறது என்று பொருள், புஷ்ஷில் கிரீஸ் போகிறதா என்று பிறகு பாருங்கள். நட்டு உருண்டுவிட்டால் அரைத்து எடுப்பதுதான் வேகமான வழி. புதுப் போல்ட்டைப் பெட்டியில் வைத்திருங்கள். துளை காலியாக இருக்கிறதே என்று கட்டுக்கம்பியைச் சுற்றிவிட்டு வேலைக்குப் போன வண்டியிலிருந்து, தெருவின் நடுவே பின் நழுவியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பின் வந்ததும் பக்கெட் சாய்கிறது, லிங்க் தொங்குகிறது

கழற்றுவதற்கு முன்பே பக்கெட்டின் இரு பக்கமும் முட்டுக்கட்டை கொடுத்திருக்க வேண்டும். மணல் மூட்டைகளும் நன்றாகத் தாங்கும். வாய் அகன்ற பக்கெட்டுக்குப் பின்பக்கமும் ஒரு முட்டு. லிங்க்கை ஆர்மோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிட்டுப் பின்னை இழுங்கள். கட்டாத லிங்க் ஊஞ்சல்போல் வந்து அடிக்கும் இடம் குனிந்திருப்பவரின் நெற்றி.

சாயத் தொடங்கிய பக்கெட்டைக் கையால் பிடிக்கப் போகாதீர்கள். பின்வாங்கி, விழ விடுங்கள். விழுந்த பக்கெட்டைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். மாசி வீதிகளின் குறுகிய சந்துகளில் குழாய்ப் பள்ளம் எடுக்கும்போது பின்வாங்கவே இடம் இருக்காது. முதுகுக்குப் பின்னால் சுவர், காலடியில் பள்ளம். அங்கே பக்கெட் மாற்றாதீர்கள். தெருமுனைக்கு வண்டியை நகர்த்தப் பத்து நிமிடம் ஆகும், ஆகட்டும்.

கப்ளர் பக்கெட்டை விடவில்லை, அல்லது மாட்டிய பக்கெட் கடகடக்கிறது

பின்னை ஒவ்வொரு முறையும் கழற்றாமல் பக்கெட்டை மாற்ற உதவும் கொக்கிப் பூட்டுதான் கப்ளர். விடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது, கையால் செருகிய பாதுகாப்புப் பின் எடுக்கப்பட்டிருக்கிறதா என்பது. அடுத்தது, தாடைக்குள் காய்ந்த களிமண். கரிசல் காய்ந்தால் உளி வைத்துத்தான் வரும். மூன்றாவது பாரம், இங்கேயும் அதே கதைதான். பக்கெட்டின் எடை பூட்டு நாக்கின்மேல் தொங்கினால் நாக்கு நகராது. தரையில் படிய வைத்து, கொஞ்சம் மடக்கியோ விரித்தோ எடையை முன்கொக்கிக்கு மாற்றுங்கள். ஹைட்ராலிக் கப்ளரில் சிலவற்றுக்குப் பக்கெட்டை முழுக்க மடக்கிப் பிடித்தால்தான் பூட்டைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் வரும். அதைக் கையேட்டில் பார்த்துச் செய்யுங்கள். எப்படியானாலும் திறக்கும் நேரத்தில் பக்கெட் தரையை ஒட்டியே இருக்க வேண்டும்.

விடாத கப்ளரைவிட எனக்கு அச்சம் தருவது கடகடக்கும் கப்ளர். முன்பக்கத்துப் பின் கொக்கியில் உட்காராமல், பின்பக்கத்துப் பின் மட்டும் பூட்டியிருந்தாலும் பக்கெட் தூக்கும், இரண்டு வாளி மண்ணும் அள்ளும். மூன்றாவது முறை விரிக்கும்போது கழன்று விழும். பிரிட்டனிலும் வேறு நாடுகளிலும் இப்படி விழுந்த பக்கெட்டுக்கு அடியில், பள்ளத்தில் நின்ற தொழிலாளர்கள் இறந்திருக்கிறார்கள். கையால் போட வேண்டிய பாதுகாப்புப் பின்னைப் போடாமல் விட்டது அங்கே திரும்பத் திரும்பக் கண்ட காரணம். மாட்டியதும் ஆட்கள் இல்லாத பக்கமாக, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பக்கெட்டை மடக்கி விரியுங்கள். பல்லைத் தரையில் ஊன்றி இழுத்துப் பாருங்கள். பிறகு எஞ்சினை அணைத்து, நெம்புகோலைப் பூட்டி, இறங்கிப் போய் இரண்டு பின்னும் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பாருங்கள். இருக்கையிலிருந்தே பார்த்தேன் என்று சொல்லும் ஆபரேட்டரை நான் வேலைக்கு அழைப்பதில்லை.

பிரேக்கர் ஹோஸ் கழலவும் இல்லை, திரும்ப ஏறவும் இல்லை

பக்கெட்டுக்குப் பதில் பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டியிருந்தால் பின்னுக்கு முன்னால் ஹோஸ் வரும். இங்கேதான் அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். பிரேக்கரைத் தரையில் படுக்க வைத்து, எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் இயங்கு நிலையில் வைத்து, பூட்டு நெம்புகோலைத் திறந்து, எல்லாக் கட்டுப்பாடுகளையும், குறிப்பாகப் பிரேக்கர் மிதியை, பலமுறை அமுக்குங்கள். பிறகு பூட்டிச் சாவியை எடுங்கள். மாடலுக்கு மாடல் இதில் சிறு மாற்றம் உண்டு.

கழற்றி வைத்த பிரேக்கர் சித்திரை வெயிலில் கிடந்தால் மறுபடி ஹோஸ் ஏறாது. மூடிய குழாய்க்குள் எண்ணெய் சூட்டில் விரிந்து வாயை அடைத்துக்கொள்ளும். நிழலுக்கு இழுத்து ஈரச்சாக்கு போர்த்தி ஆறவிடுங்கள். காலையில் தானாக ஏறும். வாயை ஆணியால் குத்தி எண்ணெயைப் பீய்ச்ச வைப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம்.

ஹோஸில் கசிவு தெரிந்தால் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். கார் டயரில் இருக்கும் அழுத்தம் இரண்டு பார் சொச்சம். இந்த வண்டிகளில் வேலை நேரத்தில் 200 பாரும் அதற்கு மேலும் இருக்கும். ஊசித் துளையில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசு கடித்ததுபோல் ஒரு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகத் தொடங்கும். 108-ஐக் கூப்பிட்டு, உயர் அழுத்த எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். அது அறுவை சிகிச்சை தேவைப்படும் அவசரம். டிஞ்சர் தடவிவிட்டு வேலையைத் தொடரும் காயம் அல்ல.

திரும்ப மாட்டும்போது துளை சேரவில்லை

விரலை விட்டுத் துளையைத் தேடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஆர்மின் எடை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், விரல் துண்டாகும். தள்ளி நின்று டார்ச் அடித்துப் பாருங்கள், அல்லது மெல்லிய குச்சியை விட்டுப் பாருங்கள். முதலில் ஆர்ம் துளையைச் சேர்த்துப் பின்னைச் செருகிய பிறகு சிலிண்டரை மெல்ல நீட்டி லிங்க் துளையைக் கொண்டுவாருங்கள். ரப்பர் வளையத்தை முதலிலேயே காதின் பக்கம் ஏற்றி ஒதுக்கி வைத்துக்கொண்டால் நடுவில் நசுங்காது. கழற்றும்போது இருந்த வாஷர்கள் எந்தப் பக்கம் எத்தனை என்று சுண்ணாம்புக் கட்டியால் காதிலேயே எழுதிவைப்பது என் வழக்கம். பின் உள்ளே போனதும் பூட்டு போல்ட் துளை நேராக வரவில்லை என்றால் பின்னைச் சுழற்றுங்கள், போல்ட்டை அடித்து ஏற்றாதீர்கள்.

கழற்றிய பக்கெட்டைத் தட்டையாகப் படுக்க வைத்து, அதன் பின்களை டீசலில் கழுவித் துடைத்து, கிரீஸ் பூசி, சாக்குத் துணியில் சுற்றி, போல்ட்டும் நட்டும் சேர்த்து அந்தப் பக்கெட்டுக்குள்ளேயே வையுங்கள். வேறு பக்கெட்டின் பின் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் அடுத்த மாதம் உங்களை மறுபடி சம்மட்டியைத் தேட வைக்கும்.